மலைச்சாலைப் பணியில் பாதுகாப்பு



போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே சென்று முந்தலைக் கடந்தால், சாலை மலைமேல் ஏறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிய பின்னரே போடிமெட்டு. அங்கே தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குகிறது. நாள்தோறும் விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இவ்வழியே மலையேறுகின்றன. இச்சாலையின் எழிலைப் பலரும் வியந்து பேசுவர். நான் இன்று பேச விழைவது, இத்தகைய சாலைகளை வெட்டி அகலப்படுத்தும் இயந்திரங்களைப் பற்றியும், அவற்றோடு உழைக்கும் மனிதரின் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியும் ஆகும்.

போடிமெட்டிலிருந்து மூணாறு வரையுள்ள ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பெற்று, 2024 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அப்பணி நடந்துகொண்டிருந்த 2019 அக்டோபரில், தேவிகுளத்திற்கு அருகே கேப் ரோடு என்னும் பகுதியில் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. பணியிலிருந்தோரிடையே உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மறு ஆண்டிலும் அங்கே பெருஞ்சரிவு ஏற்பட்டது.

மலை ஏன் சரிகிறது? களத்து நெற்குவியலின் அடியில் கைவைத்து வாரிப் பாருங்கள். மேலுள்ள நெல் தானே இறங்கிவிடும். மலையின் அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டும்போதும் நிகழ்வது அதுவே. மழைநீர் பாறை இடுக்குகளிற் புகுந்தால் மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்புக் குறைகிறது. ஆகவே, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன்னரும், மழை பெய்து ஓய்ந்த பின்னரும், பொறுப்பாளர் சரிவை மேலிருந்து கீழ்வரை பார்வையிடல் வேண்டும். மேலே மண் தொங்கி நிற்க, அடியில் பொக்லைனைக் கொண்டு தோண்டலாகாது. ஆபத்து நேர்ந்தால் உடனே பின்வாங்கும் வண்ணம் இயந்திரத்தை நிறுத்துவதே அறிவுடைமை.

இரண்டாவது, இறக்கம். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று நீங்கள் இயற்பியலில் கற்றிருக்கிறீர்கள். கல்லும் மண்ணும் ஏற்றிய டிப்பர் லாரி இறங்கும்போது, அவ்வாற்றலைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. இடைவிடாது மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிக்கும் வன்மையை இழந்துவிடும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர் சொல்வது இதனாலேதான். டீசலை மிச்சம் பிடிக்க எண்ணி நியூட்ரலில் இறங்குவோர், எஞ்சின் தரும் தடையை வீணே இழக்கின்றனர். மிச்சமாவது சில ரூபாய், பணயமாவது உயிர்.

மூன்றாவது, பின்னோக்கிச் செலுத்துதல். ஓட்டுநர் எவ்வளவு தேர்ந்தவராயினும், வண்டிக்குப் பின்னே அவர் கண்ணுக்குப் புலப்படாத இடம் ஒன்று உண்டு. சல்லி அள்ளுவோரும் கிளீனரும் அங்கே நின்றுவிடுகின்றனர். இதற்காகவே 1998ஆம் ஆண்டின் மத்திய கட்டுமானத் தொழிலாளர் விதிகள், பின்னோக்கி வரும்போது ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியை வற்புறுத்தின. ஆயினும், பல இயந்திரங்கள் ஒருங்கே இரையும் இடத்தில் ஒலியை மட்டும் நம்புதல் போதாது. சைகை காட்ட ஒருவரை நியமித்தல் வேண்டும். அவர் ஓட்டுநர் பார்வையில் நிற்றல் வேண்டும். அவர் மறைந்த கணமே வண்டி நிற்றல் வேண்டும். நகரும் சைகையை அவர் ஒருவரே காட்டலாம். நிறுத்தும் சைகையையோ, யார் காட்டினும் ஓட்டுநர் ஏற்றல் வேண்டும்.

இந்தக் கடைசி விதி எளிதன்று. நாட்கூலிக்கு வந்த இளைஞன், ஒப்பந்தக்காரர் எதிரே "நிறுத்துங்கள்" என்று சொல்ல அஞ்சுகிறான். வேலை தடைப்பட்டால் நாளை வர வேண்டாம் என்பார்களோ என்னும் கவலை அவனுக்கு. என்னிடம் பயின்ற பிள்ளைகள் சிலர் பள்ளியை விட்டதும் இத்தகைய வேலைகளுக்கே சென்றார்கள். அவர்களுடைய கூச்சத்தை நான் நன்கு அறிவேன். அதனைப் போக்கும் கடமை மேலாளருக்கே உரியது. நிறுத்தச் சொன்னவனை, அவன் ஐயம் பொய்யாய்ப் போன நாளிலும் கடிந்துகொள்ளாதிருத்தலே அதற்கு வழி.

வேலை முடிந்ததும் பொக்லைனின் வாளியைத் தரையில் ஊன்றி, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். சரிவில் நிற்கும் லாரியின் சக்கரத்திற்குக் கட்டை கொடுக்க வேண்டும். சாவியை விட்டுச் சென்ற இயந்திரம், விளையாட்டுப் பிள்ளைகளுக்கு விரித்த வலையாகும்.

மாணவர்களே, இயந்திரம் மண் அள்ளுவதை வேடிக்கை பார்க்க விரும்பினால் எட்ட நின்று பாருங்கள். அது சுழலும்போது அதன் பின்புறமும் சுழல்கிறது என்பதை மறவாதீர்கள். சாலைப்பணி நடக்கும் இடத்தைக் கடக்குமுன், ஓட்டுநர் உங்களைக் கண்டு தலையசைத்தாரா என்று பாருங்கள்; இல்லையேல் காத்திருங்கள். நாளை நீங்கள் பொறியாளராகித் திட்டம் வகுக்கும்போது, மழைக்காலத்தில் மலையை வெட்டும் வேலைக்கு நாள் குறைவாக ஒதுக்காதீர்கள். விடியலில் ஜீப்பேறிச் செல்லும் தாய்மாரும், சாலையோரத்தில் மண் அள்ளும் தொழிலாளரும் மாலையில் வீடு திரும்புவது, நீங்கள் ஒதுக்கும் அந்த நாட்களைப் பொறுத்தும் இருக்கிறது.