திரையிலும் ஒரு பிரட்டு



தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் இன்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள். நாள் முழுவதும் கணினிதான் அவர்கள் கைக்கருவி. "நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே" என்று நாம் நினைக்கலாம். அந்த வேலையிலும் ஒரு சங்கடம் உண்டு. அது என்ன, அதைப் போக்குவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

கணினியில் ஒவ்வொரு வேலையும் ஒரு சட்டத்துக்குள் திறக்கிறது. அதற்குச் சன்னல் என்று பெயர். 1985-இல் வெளிவந்த முதல் விண்டோஸில் இந்தச் சன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும்; ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றன்மேல் ஒன்றை அடுக்க முடிந்தது. வசதிதான். ஆனால் அன்று முதல் அடியில் கிடக்கும் சன்னலைத் தேடும் வேலையும் நம்மைச் சேர்ந்துவிட்டது.

சம்பளக் கணக்கு எழுதும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். ஒரு சன்னலில் வருகைப் பட்டியல். இன்னொன்றில் சம்பளப் படிவம். ஒன்று மற்றொன்றை மறைப்பதால் ஒவ்வோர் எண்ணுக்கும் மாற்றி மாற்றிப் போகிறார். நடுவில் கண் ஒரு வரி தவறினால் ஒருவர் கணக்கு அடுத்தவர் பெயரில் ஏறிவிடும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதற்கு ஊழியர் சேமநிதியில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக ஒரு வரி தவறினால் ஒரு குடும்பத்தின் 408 வெள்ளிச் சேமிப்பு இடம் மாறி நிற்கிறது. ஆகவே இரு சன்னல்களும் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நிற்பது நல்லது.

விடியற்காலையில் பிரட்டு எடுக்கும்போது தண்டல் என்ன செய்கிறார்? இன்னாருக்கு இன்ன நிரை என்று சொல்லி அனுப்புகிறார். திரையிலும் அப்படி நிரை பிரித்துக் கொடுக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் பெயர் ஆட்டோஹாட்கீ. கிறிஸ் மாலட் என்பவர் 2003-இல் வெளியிட்டது. விலை இல்லை.

தண்டலுக்கு நிரை எண் தேவை. இதற்கு நான்கு எண்கள் தேவை. பல திரைகளில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். எண்ணிக்கை இடப்பக்க மேல்மூலையில் தொடங்கும். இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி, மேலிருந்து எவ்வளவு கீழே, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு: இவையே அந்த நான்கு. அடியில் இருக்கும் பணிப்பட்டைக்கு 48 புள்ளி விட்டால் உயரம் 1,032. இடச் சன்னலுக்கு 0, 0, 960, 1032. வலச் சன்னலுக்கு 960, 0, 960, 1032. திரை சரிபாதியாகிவிட்டது.

கட்டளையின் பெயர் வின்மூவ். 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலில் நான்கு எண்கள், பிறகு சன்னலின் தலைப்பு. பழைய பதிப்பில் தலைப்புதான் முதலில் வரும், கலந்துவிடக் கூடாது. சாதாரண நோட்பேடில் ஆங்கில எழுத்தில் எழுதி, ஏ.எச்.கே. என்று முடியும் பெயரில் சேமித்து, இரண்டு முறை தட்டினால் போதும். வேண்டிய விசைகளை அழுத்தினால் சன்னல்கள் இடம்பிடிக்கும்படியும் எழுதி வைக்கலாம்.

மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று: சன்னல் திறக்குமுன் கட்டளை ஓடினால் பயனில்லை. ஆள் வராமல் நிரை கொடுக்க முடியுமா? அதற்காக முதலில் வின்வெயிட் என்று எழுதிக் காத்திருக்கச் செய்ய வேண்டும். இரண்டு: சன்னல் திரை முழுதும் விரிந்திருந்தால் வின்ரெஸ்டோர் கொடுத்து இயல்பான அளவுக்குக் கொண்டுவந்த பிறகே நகர்த்த வேண்டும். மூன்று: தலைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு, பார்த்தபடியே எழுத வேண்டும்.

எப்போதாவது ஒரு முறை பிரிக்க வேண்டுமானால் இவ்வளவும் தேவையில்லை. விண்டோஸ் விசையோடு இட அம்பை அழுத்தினால் சன்னல் இடப் பாதிக்குப் போகும். வல அம்பு வலப் பாதிக்கு. 2009-இல் வந்த விண்டோஸ் ஏழிலிருந்தே இவ்வசதி உண்டு. தினமும் நான்கைந்து சன்னல்களை அதே இடத்தில் நிறுத்துவோருக்குத்தான் கட்டளைக் கோப்பு.

ஓர் எச்சரிக்கை. சன்னலை நகர்த்தும் இந்தக் கருவி, நமக்காக விசைகளையும் அழுத்த வல்லது. யாரோ அனுப்பிய கோப்பைப் படித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. அலுவலகக் கணினியில் வைப்பதற்கு முன் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை.

சன்னல்கள் ஒழுங்காக நின்றாலும் எண்களைச் சரிபார்ப்பது கண்ணின் வேலைதான். கருவி தேடும் நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த நேரத்தைச் சரிபார்ப்பதற்குக் கொடுக்கலாம். வீட்டில் ஒரே கணினியில் படிக்கும் பிள்ளைகளும் ஒரு பாதியில் பாடமும் மறுபாதியில் குறிப்பேடுமாக வைத்துப் பழகலாம். இன்றிரவே அந்த அம்பு விசைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.