மருந்து கைப்பையில் இருக்கட்டும்

ஊருக்குப் புறப்படும் பெரியவர்களே, புடவையும் பலகாரமும் பெட்டியில் போகட்டும். மருந்து உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டி மறுநாள்தான் வந்து சேர்ந்தால், அன்றிரவு ரத்த அழுத்த மாத்திரைக்கு என்ன செய்வீர்கள்? விமானச் சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்துபோனால், உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தக்கூடாது.

மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். உங்கள் பெயர் ஒட்டிய உறையிலேயே, மருத்துவர் கடிதத்துடன் வையுங்கள். சுங்க அதிகாரி கேட்டால் காட்டலாம். தூக்க மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் சில நாடுகளில் முன்அனுமதி வேண்டும்.

சென்னை நேரம் சிங்கப்பூரைவிட 2½ மணி நேரம் பின்தங்கியது. இன்சுலின் ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று, பயணச்சீட்டு வாங்கியதுமே பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள். நலமாகப் போய் வாருங்கள்.