மாடு உயிரோடிருக்கும்போதே அழைக்கப்படுவோம்
(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கால்நடை மருத்துவக் கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

நம் தென்காசிப் பகுதிச் சிற்றூர்களில் மாடு நோயுற்றால் வைத்தியரை அழைத்தனர். மாடு மாண்டால் நம் பாட்டனாரை அழைத்தனர். இழுத்துச் செல்வதும், தோலுரிப்பதும், புதைப்பதும் அவர்மீது சுமத்தப்பட்டன. இழிவோடு ஆபத்தும் சேர்ந்தே வந்தது. அடைப்பான் நோயால் மாண்ட மாட்டை அறுத்தல் கூடாது. அறுத்தால் அந்நோயின் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறிப் பல்லாண்டுகள் மண்ணில் கிடக்கும், அறுத்தவரையும் தாக்கும். இதனை அவருக்கு எடுத்துரைப்பார் ஒருவருமில்லை.

ஆயினும், மாட்டின் உடலமைப்பை அவர் கை அறிந்திருந்தது. அதை எவரும் அறிவென்று மதிக்கவில்லை. அதே அறிவு கல்லூரியில் உடற்கூற்றியல் என்னும் பெயரில் முதலாண்டிலேயே கற்பிக்கப்படுகிறது!

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. இத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1989-இல் அமைந்தது. நமக்கு அண்மையில், திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-இல் ஒரு கல்லூரி தொடங்கப்பெற்றது. படிப்பு ஐந்தரை ஆண்டுகள். இறுதி ஓராண்டு நேரடிப் பயிற்சி. பட்டம் பெற்றோர் அரசுக் கால்நடை மருந்தகங்களிலும், பால் பண்ணைகளிலும், ஆய்வுக்கூடங்களிலும் பணியாற்றலாம். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் நம் புளியரைச் சோதனைச் சாவடியில் நின்று நோயைத் தடுப்போரும் இத்துறையினரே.

மாணவர்களே, இதனைக் குறித்துக் கொள்ளுங்கள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேர்வு மதிப்பெண் கேட்கப்படுவதில்லை. உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே தரவரிசைக்கு அடிப்படை. ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இடங்கள் உண்டு. அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை 2021-இல் சட்டமாயிற்று. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நாள்களையொட்டியே பெரும்பாலும் விண்ணப்பம் கோரப்படும். அருவி காணக் கூட்டம் திரளும் அந்நாள்களில் நீங்கள் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் ஆயத்தமாக வைத்திருங்கள்.

என் குறையொன்றையும் மறைக்காமல் கூறுகிறேன். முன்பு நான் பணியாற்றிய பள்ளியில், ஆடு மேய்க்கும் குடும்பத்து மாணவி ஒருத்தி உயிரியலில் சிறந்து விளங்கினாள். ஆட்டின் நோயை அதன் நடையிலேயே கண்டுகொள்வாள். இப்படிப்பைப் பற்றி நான் எடுத்துரைத்தபோது விண்ணப்ப நாள் கடந்திருந்தது. "ஐயா, முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றாள். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகிறது. ஆகவே, சங்கம் ஆண்டுதோறும் விண்ணப்பக் காலத்தில் ஒரு வழிகாட்டும் முகாம் நடத்த வேண்டும் என்று வேண்டுகிறேன்.

மாடு மாண்டபின் அழைக்கப்பட்டவரின் பேத்தியை, மாடு உயிரோடிருக்கும்போதே, "டாக்டரம்மா, வாருங்கள்" என்று ஊரார் அழைக்கும் நாள் வரவேண்டும். அந்நாளை உங்கள் உழைப்பே கொணரும்.