விழாவும் வழியும் வடிவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நமது காரியதரிசி அவர்கள் என்னை அழைத்து, "தம்பி, பெரிய தத்துவமொன்றும் வேண்டாம். நீர் கொண்டாடிய விழா, போய்வந்த பயணம், மனத்துக்குப் பிடித்த கலை, இவற்றைப் பற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் பேசினாற் போதும்" என்றார். இலகுவான காரியம் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பின்னரே, இம் மூன்றையும் பற்றி உண்மையாகப் பேசுவதானால் நான் ஒரு பிழையையும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பது தெரிந்தது. பெரியோர்கள் பொறுத்தருள்வீர்களாக.

முதலில் விழாவைச் சொல்லுகிறேன். நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், என் அப்பாச்சியின் வீட்டில். அவ்வீட்டில் ஆண்டு என்பது மாதங்களால் ஆனதன்று, விழாக்களால் ஆனது. ஆடி முதல் நாளென்றால் கூழும் கொழுக்கட்டையும். அரிசிமாவும் பயறும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து கொதிக்கும் மணம் ஒழுங்கை முகப்பு வரை வரும். பலாவிலையைக் கோலிக் கூழை அள்ளிக் குடித்தால் நாக்குச் சுடும். ஆறும் வரை பொறுக்க மனம் வராது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் இந் நாளைப் பற்றிப் பாடிய பாட்டை நம்மில் மனப்பாடம் செய்யாத பிள்ளை இருந்திருக்க முடியாது. அது முடிய நல்லூர்த் திருவிழா. 25 நாட்கள், 24ஆம் நாள் தேர். தேரன்று அப்பாச்சி விடியுமுன் எழுந்து தலைமுழுகி, என்னையும் முழுகவார்த்துக் கையிற் பிடித்துக்கொண்டு நடப்பார். வெள்ளை மணலிற் கால் வைத்ததும் அவர் கண்கள் நீர் சொரியும். ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கியதில்லை. கச்சான் வாங்கித் தருவாரா என்பதே அப்போது என் கவலை.

எல்லாவற்றிலும் என் மனத்தில் ஆழப் பதிந்தது மார்கழித் திருவெம்பாவைக் காலம். திருவாதிரையோடு முடியும் அந்தப் பத்து நாளும் நாலு மணிக்கே சங்கொலியும் சேமக்கல ஓசையும் ஒழுங்கைகளில் எழும். அப்பாச்சி என்னை எழுப்பி, "எழும்பு ராசா, சங்கு ஊதுறாங்கள்" என்பார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நான் கற்றது மிஷன் பாடசாலையில். அந்தப் பாடசாலைக்கு நான் பட்ட கடன் பெரிது. நேரந் தவறாமையை அங்கே கற்றேன். மேடையில் நடுங்காமல் நிற்க அங்கே கற்றேன். எனக்குத் தமிழிலக்கணத்தை ஊட்டிய ஆசிரியரும் ஒரு கிறிஸ்தவரே. நத்தார் காலத்தில் கரோல் பாடும் கோஷ்டியில் நானும் ஒருவன். சில ஆண்டுகளில் நத்தாரும் திருவெம்பாவையும் ஒரே கிழமையில் வந்துவிடும். முன்னிரவிலே கிறிஸ்தவ நண்பர் வீடுகளில் கரோல் பாடிக் கேக் உண்டுவிட்டு வந்து படுப்பேன்; நாலு மணிக்கு அப்பாச்சி சங்கொலிக்கு எழுப்புவார். இரண்டு பாட்டும் என் செவிக்கு இனிமையாகவே இருந்தன.

என் பிழை வேறிடத்தில் இருந்தது. நாடோறும் காலையில் அப்பாச்சி என் நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்புவார். பாடசாலைக்குப் போகும் வழியில் ஒரு பூவரச மரம் நிற்கின்றது. ஏழாம் வகுப்பிலிருந்து, அந்த மரத்தடிக்கு வந்ததும் லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்துவிடுவேன். துடைக்கும்படி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பாடசாலையிலே திருநீற்றோடு வந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களை எவரும் ஏளனஞ் செய்ததுமில்லை. ஆங்கிலம் நன்றாகப் பேசும் நண்பர்களிடையே நான் பட்டிக்காட்டுப் பிள்ளையாய்த் தோன்றக் கூடாதென்று எனக்கு நானே எண்ணிக்கொண்டேன். அவ்வளவுதான். ஆறு வருடம் இவ்வாறு நடந்தது.

அப்பாச்சியிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஆறுமுக நாவலர் 1852ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரியபுராண வசனத்தின் பிற்காலப் பதிப்பொன்று. முதற்பக்கத்தில் அவருடைய தகப்பனாரின் கையெழுத்து. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்துச் சனங்கள் எல்லாரும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார்கள் என்பதை இங்குள்ள பெரியோர் அறிவீர்கள். நான் அப்போது பிறக்கவில்லை. அப்பாச்சியின் பையில் இரண்டு சீலையும் காணி உறுதியும் இந்தப் புத்தகமும் இருந்தனவாம். எனக்குப் பதினைந்து வயதாகியபோது அவர் கண் மங்கிவிட்டது. "மோனை, ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டன்" என்று கேட்பார். "சோதினை வருகுது அப்பாச்சி" என்பேன். சோதினை எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த முதலாண்டு, என் அறைத் தோழனான சிங்கள மாணவன் ஒருவனோடு பொலநறுவைக்குப் போனேன். கண்டியிலிருந்து பஸ் ஏறி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். முதலிற் கல் விகாரை. ஒரே பாறையிற் செதுக்கிய உருவங்கள். சயனித்த கோலத்திலுள்ள புத்தர் சிலை 46 அடி நீளம். பராக்கிரமபாகு மன்னன் காலத்து வேலை. என் தோழன் வாசலிலே பூ வாங்கி வந்திருந்தான். ஒவ்வொரு கோலத்தின் பொருளையும் எனக்கு விளக்கினான். "இதெல்லாம் எங்கே படித்தாய்?" என்று கேட்டேன். "படிக்கவில்லை, என் பாட்டி சொன்னவை" என்றான்.

பின்பு இரண்டாம் சிவ தேவாலயம் என்று தொல்பொருளார் வழங்கும் கோயிலுக்கு வந்தோம். அதன் பெயர் வானவன் மாதேவி ஈச்சரம். முதலாம் இராசராச சோழனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமாகிய வானவன் மாதேவியின் பெயரால் அமைந்தது. அடி முதல் முடி வரை கல்லாலானது. சோழராட்சி 1070ஆம் ஆண்டளவில் முதலாம் விஜயபாகுவால் முடிவுற்றது. கோயிலோ இன்னும் நிற்கின்றது. உள்ளே சிவலிங்கம். யாரோ வைத்துப் போன செவ்வரத்தம்பூ ஒன்று வாடிக் கிடந்தது. சுவரிலே தமிழ்க் கல்வெட்டு. என் தோழன் சொன்னான்: "இது உங்கள் கோயில், உங்கள் எழுத்து. இனி நீ எனக்குச் சொல்லு. இதில் என்ன எழுதியிருக்கிறது? இந்த வடிவத்துக்கு என்ன பொருள்?"

சபையோர்களே, எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பழைய எழுத்தை வாசிக்கத் தெரியாதது பெரிய குற்றமன்று. அதற்குத் தனிப் படிப்பு உண்டு. ஆனால் நான் ஒவ்வொரு நாளும் கண்டு கும்பிட்ட இலிங்க வடிவத்தைப் பற்றி ஒரு வசனமேனும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு ஒரு பாட்டி இருந்தார். அவர் சொன்னதை அவன் கேட்டிருந்தான். எனக்கும் ஒருவர் இருந்தார். நான் சோதினையைச் சாட்டிக்கொண்டிருந்தேன். பூவரச மரம் அப்போது என் நினைவுக்கு வந்தது.

அந் நகரிலேயே வேறொரு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. புத்தர் பெருமானின் தந்த தாதுவைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்ட செய்தியை அது கூறுகின்றது. அதை இருவரும் சேர்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். தன் பெருமானின் தந்தத்தைப் பற்றித் தமிழில் எழுதியிருப்பதை என் தோழன் அன்றுதான் அறிந்தான். நானுங்கூட அன்றுதான் அறிந்தேன்.

அடுத்தது கலை. பொலநறுவைச் சிவாலயங்களில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த வெண்கலப் படிமங்கள் கொழும்பு நூதனசாலைக்குப் போயின என்று அங்கே அறிந்தேன். அடுத்த விடுமுறையில் அவற்றைத் தேடிப் போனேன். நடராச வடிவங்களைக் கண்டேன். மெழுகிலே உருவஞ் செய்து, அதன்மேல் மண் அப்பிச் சூடாக்கி, மெழுகு உருகி ஓடிய வெளியிலே உலோகத்தை வார்ப்பது அந்தச் சிற்பிகளின் முறை. படிமத்தை எடுப்பதற்கு மண் கருவை உடைத்துவிட வேண்டும். ஆகையால் ஒன்றைப்போல இன்னொன்று இல்லை.

என்னைக் கட்டிப்போட்டது நடராச வடிவமன்று. ஒரு வாலிபனின் வடிவம். அணிகலன்கள் பூண்டு, மெல்ல ஒசிந்து, எதிரே எதையோ கண்டு வியந்து நிற்கிறான். கண்டது இன்னதென்று முகம் சொல்லவில்லை. கண்டுவிட்டான் என்பதை மாத்திரம் சொல்கின்றது. சுந்தரமூர்த்தி நாயனார் என்று கீழே எழுதியிருந்தது. திருக்கேதீச்சரத்தைப் பாடிய பெருமான் என்பதற்குமேல் எனக்கு அவரைப் பற்றித் தெளிவாய் ஒன்றுந் தெரியாது.

இப் படிமங்களைப் பற்றிச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியுள்ளார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1914ஆம் ஆண்டில் இலங்கை வெண்கலங்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். குமாரசுவாமி அவர்கள் 1877ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்து, கனிப்பொருள் ஆராய்ச்சிக்காக இந்நாட்டுக்குத் திரும்பி வந்தவர். கல்லைத் தேடி வந்தவர் கலையைக் கண்டார். ஆங்கிலக் கல்வி அவருக்குத் தடையாக இருக்கவில்லை. தம் பாட்டன்மாரின் செல்வத்தை உலகுக்குக் காட்டும் கருவியாயிற்று. நமது நாவலர் பெருமானும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவரே. 1848ஆம் ஆண்டில் அவர் வண்ணார்பண்ணையிற் பாடசாலை தொடங்கியபோது அங்கே கற்றுக்கொண்ட முறைகளை இங்கே கையாண்டார். ஆகவே மிஷன் பாடசாலையிற் படித்தமையால் நான் இப்படியானேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

நூதனசாலையிலிருந்து நேரே யாழ்ப்பாணம் போனேன். அன்றிரவு அப்பாச்சி கேட்காமலே அந்தப் புத்தகத்தை எடுத்து, தடுத்தாட்கொண்ட புராணத்தை வாசிக்கத் தொடங்கினேன். கலியாணப் பந்தலிலே மணக்கோலத்தில் இருக்கிறார் சுந்தரர். முதிய வேதியர் ஒருவர் வருகிறார். நீ எனக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழவரோ விடவில்லை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கின்றது என்கிறார். சபையார் அதை வாங்கிப் பார்த்தால், அதில் இருப்பது சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்து. வழக்கிலே தோற்று, கிழவரைப் பின்தொடர்ந்து போகிறார். கிழவர் கோயிலுக்குள்ளே புகுந்து மறைகிறார். ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் பணிக்கிறான்.

இவ்விடத்தில் எனக்கு வாசிப்புத் தடைப்பட்டது. புத்தகத்தைத் திருப்பி முதற்பக்கத்தைப் பார்த்தேன். என் பாட்டியின் தகப்பனார் இட்ட கையெழுத்து மங்கிப்போய் இருந்தது. பூவரச மரத்தடியில் நான் செய்ததை அப்பாச்சிக்குச் சொன்னேன். சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

அவர் சிறிதும் திடுக்கிடவில்லை. "எனக்குத் தெரியும் ராசா. உன்ரை லேஞ்சியைத் தோய்க்கிறது ஆர்? நான் தானே. ஒவ்வொரு நாளும் அதிலை திருநீறு இருக்கும்" என்றார்.

"அப்ப ஏன் அப்பாச்சி ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னால் பூசவும் விடமாட்டாய். பூசிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்குத் துடைக்க மறந்து போவாய் எண்டு இருந்தன்" என்றார்.

அறிஞர்களே, எனக்குத் தெரிந்த பக்தி விளக்கம் இவ்வளவே.

இப்போது ஒவ்வொரு விடுமுறையிலும் வாசித்து வருகிறோம். கண்ணப்ப நாயனார் வரை வந்திருக்கிறோம். அறுபத்துமூவரில் இன்னும் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றனர். அப்பாச்சிக்கு 84 வயது. ஆகையால் நான் விடுமுறையை வீணாக்குவதில்லை. நான் வாசிக்கும்போது பிழைவிட்டால், கண் தெரியாத அவர் திருத்துகிறார்.

முடிக்குமுன், இச் சங்கத்தின் வாலிப அங்கத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மிற் பலர் கதிர்காமத்துக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் யாத்திரை போகிறோம். வருடத்தில் ஒருமுறை பொலநறுவைக்கும் கொழும்பு நூதனசாலைக்கும் போவோம். சிங்களத் தோழர் கிடைத்தால் அவரையும் அழைத்துப் போவோம். போகுமுன் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டுக்கொண்டு போவோம். வாய் அடைத்து நிற்க வேண்டியிராது.

பெரியோர்களுக்கும் அடியேனின் விண்ணப்பம் ஒன்றுண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளையின் லேஞ்சியிலும் திருநீறு இருக்கக்கூடும். கண்டால் ஏசாதீர்கள். ஆனால் பூசுவதை மாத்திரம் நிறுத்தாதீர்கள். கதை சொல்வதையும் நிறுத்தாதீர்கள். நாங்கள் ஓலையைக் கிழித்தாலும், மூல ஓலை உங்களிடத்தில் இருக்கட்டும்.