இரும்பும் இரைச்சலும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலாகப் பேசு, ஆனால் போர் அடிக்காமல் பேசு" என்று சங்கச் செயலாளர் எனக்குக் கட்டளை போட்டுவிட்டார். இரண்டும் சேர்ந்து வருகிற விஷயம் நம்ம துறையில் கொஞ்சம் குறைவு. அதனால் ஓர் இசைக்குழுவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி இருக்கு. நான் சொல்லப் போவது அதற்கு நேர் எதிர். பழக்கமில்லாதவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய இசை. இன்டஸ்ட்ரியல் மெட்டல் என்று பெயர்.

அப்படீன்னா என்ன? 1976-ல் லண்டனில் த்ராபிங் கிரிசில் என்ற குழுவினர் சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, அதற்கு இன்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். டேப், சிந்தசைசர், இரைச்சல் இவைதான் அவர்களுக்கு வாத்தியம். அந்தப் பெயரே அந்த வகை இசைக்கும் நிலைத்துவிட்டது. 1980-களின் பிற்பகுதியில் அதோடு ஹெவி மெட்டல் கிடாரும் சேர்ந்தது. அமெரிக்காவில் சிகாகோவின் மினிஸ்ட்ரி, இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் காட்ஃபிளெஷ் ஆகியவை இதில் முன்னோடிகள். நான் பேச வந்தது காட்ஃபிளெஷ் பற்றி.

பர்மிங்ஹாம் நமக்குப் புதிய ஊர் இல்லை. ஜேம்ஸ் வாட், மேத்யூ போல்ட்டனோடு 1775-ல் கூட்டுச் சேர்ந்து நீராவி இயந்திரத் தொழில் நடத்திய ஊர். பித்தளைச் சாமான், துப்பாக்கி, சைக்கிள், மோட்டார் கார் என்று உலோகத்தை வைத்தே வாழ்ந்த ஊர். ஹெவி மெட்டல் பிறந்ததும் அங்கேதான். பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி, 17 வயதில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் மெஷினில் கை மாட்டி, வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். பிறகு தந்திகளையும் தளர்த்தினார். 1971-ல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்கள் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருக்கும்.

மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள தந்தியில் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கிடாரின் தடித்த தந்தி வழக்கமாக 82 ஹெர்ட்ஸ். மூன்று அரைச்சுரம் இறக்கினால் 69 ஹெர்ட்ஸ். இழுவிசை சுமார் 30 சதவீதம் குறைகிறது. காயம்பட்ட விரலுக்கு வேலை சுலபம். கேட்கிறவருக்கோ ஒலி கனம். ஒரு தொழிற்சாலை விபத்து ஓர் இசை வகையின் குரலையே மாற்றியது என்றால் மிகையில்லை.

அதே ஊரில் 1969-ல் பிறந்தவர் ஜஸ்டின் பிராட்ரிக். நகராட்சிக் குடியிருப்பில் வளர்ந்தவர். பள்ளி வயதிலேயே நேபாம் டெத் என்ற குழுவில் கிடார் வாசித்தார். அவர்களுடைய முதல் ஆல்பமான 'ஸ்கம்' 1987-ல் வந்தது. அதன் முதல் பக்கத்தில் இருப்பது பிராட்ரிக்கின் கிடார். உலகத்திலேயே வேகமான இசை என்று அப்போது பேசப்பட்டது. பாதிப் பாட்டுகள் ஒரு நிமிஷத்தைக்கூடத் தொடாது!

அந்த வேகத்தை விட்டுவிட்டு, 1988-ல் அவரும் ஜி.சி.கிரீன் என்ற பேஸ் கிடார்காரரும் சேர்ந்து காட்ஃபிளெஷ் தொடங்கினார்கள். இந்த முறை நடை மெதுவோ மெது. குழுவில் இரண்டே பேர். டிரம்ஸுக்கு ஆள் கிடையாது, அலிசிஸ் எச்.ஆர்-16 என்ற டிரம் மெஷின்தான். இத்தனைக்கும் பிராட்ரிக் தாமே வேறு குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். ஆள் கிடைக்காமல் மெஷினுக்குப் போகவில்லை. அந்தச் சத்தம்தான் வேண்டும் என்று போனார்.

இங்கேதான் இன்ஜினியர்கள் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். பொதுவாக டிரம் மெஷின் வைத்திருப்பவர்கள் அதை மனிதன் வாசிப்பது மாதிரி காட்டத்தான் பாடுபடுவார்கள். ஓர் அடியை லேசாகத் தள்ளிப் போடுவார்கள், ஒன்றை மெல்லப் போடுவார்கள். இவர்கள் அதைச் செய்யவில்லை. மெஷினை மெஷினாகவே விட்டு, சத்தத்தையும் ஏற்றி வைத்தார்கள். ராப் இசையின் டிரம் மெஷின் தாளத்தை அவர்கள் ரசித்துக் கேட்டவர்கள். அதை வேகம் குறைத்து, பிரஸ் ஷாப்பில் பவர் பிரஸ் இறங்குகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதன் மேல் கிரீனின் பேஸ், கிரைண்டரில் இரும்பைப் பிடித்தது போல் கரகரக்கும். பேஸ்தான் இங்கே மெட்டு. கிடார் பெரும்பாலும் கிரீச்சிடுகிற வேலையைப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு மனிதக் குரல் வரும்.

1989-ல் வந்த 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேட்டால் நான் சொல்வது புரியும். மெஷின் களைப்பதில்லை. யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இரண்டு மனிதர்கள் அதோடு ஈடுகொடுக்கப் பார்க்கிறார்கள். அவர்கள் கை கொஞ்சம் முன்னே பின்னே போகும்; அது அப்பட்டமாகத் தெரியும். மெஷின் அவ்வளவு கறாராக இருப்பதால்தான் மனிதன் மனிதனாகக் கேட்கிறான். இந்தக் குழுவின் ஒலியில் உள்ள ரகசியம் இதுதான் என்பது என் தாழ்மையான கருத்து.

அவர்களே இதை மாற்றியும் பார்த்தார்கள். 1994-ல் 'செல்ஃப்லெஸ்' ஆல்பத்தை அமெரிக்காவில் கொலம்பியா என்ற பெரிய நிறுவனம் வெளியிட்டது. எதிர்பார்த்த விற்பனை இல்லை. 1996 ஆல்பத்தில் பிரையன் மான்டியா, 2001 ஆல்பத்தில் டெட் பார்சன்ஸ் என்று உண்மையான டிரம்ஸ் கலைஞர்கள் வந்தார்கள். இரண்டு பேருமே கைதேர்ந்தவர்கள். ஆனால் நல்ல டிரம்மர் என்ன செய்வார்? கிடார்காரர் தடுமாறினால் தானும் சேர்ந்து வளைந்து கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்துவார். இசைக்கு அது நல்லதுதான். ஆனால் அந்தப் பழைய இழுபறி போய்விட்டது. பிறகு கிரீன் விலகினார். 2002-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பிராட்ரிக் மனம் உடைந்து போக, குழு கலைந்தது.

2010-ல் இரண்டு பேரும் மறுபடி சேர்ந்தார்கள். கூட வந்தது யார் தெரியுமா? டிரம் மெஷின்! 2014, 2017, 2023 என்று மூன்று ஆல்பங்கள் அதன் பிறகு வந்துவிட்டன.

"சரிப்பா, இதிலே எங்களுக்கு என்ன?" என்று பின் வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சொல்றேன். தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களில் பலர் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் லைன் போடுவீர்கள். ஸ்டாப் வாட்சை வைத்து, ஒரு பீஸுக்கு இத்தனை செகண்ட் என்று சைக்கிள் டைம் எழுதுவீர்கள். நாங்களும் எழுதினோம். இரண்டு செகண்ட் குறைத்தால் மீட்டிங்கில் கை தட்டுவார்கள். அந்த எண்ணை எழுதுகிறவர் நாள் முழுவதும் அதன் முன்னால் நிற்பதில்லை. நிற்கிறவருக்கு அது எப்படி ஒலிக்கும் என்று எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. காட்ஃபிளெஷ் இசையில் அது இருக்கிறது. மெஷின் பாழாய்ப் போனது என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மெஷினோடு ஈடுகொடுத்துப் பல காலம் நின்றவர்களுக்கும் வேலை நிரந்தரமில்லை. அதே பர்மிங்ஹாமில் லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலை 2005-ல் நிறுவனம் நொடித்துப் போனபோது, சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். கார் செய்யும் தொழிலில் சளைக்காத தொழிலாளிகள் அவர்கள். கணக்குத் தவறியது வேறு இடத்தில்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. மெஷின் வாங்குங்கள், ரோபோ வையுங்கள், நாம் படித்ததே அதற்குத்தான். ஆனால் சைக்கிள் டைம் எழுதி முடித்ததும், ஒரு முழு ஷிஃப்ட் அந்த இடத்தில் நீங்களே நின்று பாருங்கள். கை எங்கே வலிக்கிறது, மூச்சு எங்கே வாங்குகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். எண்ணில் ஒன்றிரண்டு செகண்ட் கூடினால் கூடட்டும். மேலதிகாரிக்கு அதை விளக்கிச் சொல்கிற தைரியமும் நம் படிப்பில் சேர்த்திதான்.

காட்ஃபிளெஷைக் கேட்க விரும்புகிறவர்கள் ஹாஸ்டலில் இயர்போன் போட்டுக் கேளுங்கள். வார்டன் என்னைத் தேடி வரக்கூடாது!