போலீஸ் காவல் யாருக்கு?



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் ஊர்க் காவலும் போலீசும் என்பதாகும். சேலம் நகரத்துக்கும் நாமக்கல் பக்கத்துக் கிராமங்களுக்கும் போலீசார் போதவில்லை, இன்னும் அதிகம் போடும்படி சர்க்காரைக் கேட்டு ஒரு தீர்மானம் செய்ய வேண்டுமென்று இங்குள்ள தோழர்கள் சொன்னார்கள். நன்றாய்ச் செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால், காட்டில் களை எடுக்கவில்லையென்றால் பண்ணையக்காரன் முதலில் என்ன செய்வான்? இருக்கிற ஆட்கள் எங்கே போனார்கள் என்று பார்ப்பான். பிறகல்லவா புது ஆள் தேடுவான்? ஆகவே இருக்கிற போலீசார் எங்கே நிற்கிறார்கள், யாரைக் காக்கிறார்கள் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

முதலில் சாமிகளின் கணக்கு. சர்வ வல்லமையுள்ளவர், உலகத்தைக் காப்பவர் என்று சொல்லப்படும் சாமிகளைத் திருடர்களிடமிருந்து மீட்பதற்கென்றே நமது மாகாணத்தில் 1983-ஆம் வருஷம் முதல் ஒரு தனிப் போலீஸ் பிரிவு இருந்து வருகிறது. பழங்காலத்து வேலைப்பாடுள்ள சிலைகள் பொதுச் சொத்து. அவற்றைக் காப்பாற்ற வேண்டியதுதான். அப்படியானால் அவை பொருட்காட்சிச் சாலைச் சாமான்கள் என்று ஒப்புக்கொண்டு போங்களேன்! தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறவன் கையைத் தட்டிவிட முடியாதது உங்கள் வீட்டைக் காக்கும் என்று எந்தத் தைரியத்தில் உண்டியலில் காசு போடுகிறீர்கள்?

ஆடி மாதம் வந்தால் சேலத்தில் கோட்டை மாரியம்மன் முதல் பேட்டைக்குப் பேட்டை பண்டிகை. கூட்டம் சேருகிற இடத்தில் போலீஸ் நிற்க வேண்டாமென்று சொல்லவில்லை. அன்று ஸ்டேஷனில் மிஞ்சுவது யார் என்றுதான் கேட்கிறேன். புருஷன் அடித்தான் என்று அழுதுகொண்டு வருகிற ஒரு தாய்க்கு, “எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள், நாளைக்கு வா” என்று பதில் வந்தால், அந்த ஒரு ராத்திரிக்கு அவளுக்கு யார் காவல்? மசூதி வழியாக ஊர்வலம் போகும் தகராறில் இதே சேலத்தில் 1882-ல் பெருங் கலகம் நடந்தது. 2024 மே மாதம் ஓமலூர் பக்கம் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் பண்டிகையில் ஆதிதிராவிடர்கள் கோவிலுக்குள் வரலாமா என்ற தகராறு முற்றி, கடைகள் எரிந்து, போலீசைக் கொண்டுவந்து குவித்தார்கள். 142 வருஷம் கழிந்தும் சாமிக்கும் ஊர்வலத்துக்கும் நடுவிலேயே போலீஸ்காரன் தடியோடு நிற்கிறான்!

நிற்க, காவல் யார் மேல் வைக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்து, 1911-ல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். நம் ஜில்லாக் குறவர்களும் அதில் அகப்பட்டார்கள். சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று ஊர்ப் பெயரோடு சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருப்பவர்கள் அவர்கள்தான். உப்பு மூட்டை சுமந்து பிழைத்த ஜனங்கள் பிறவியிலேயே திருடர்கள் என்று ரிஜிஸ்தர் போட்டுக் கைரேகை எடுத்தார்கள். பிறவியில் ஒருவன் பூதேவன், ஒருவன் சண்டாளன் என்று எழுதி வைத்த மனு தர்மம்தான் போலீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தது; வேறென்ன? 1952-ல் அச்சட்டம் தேசம் முழுவதிலும் ஒழிந்தது. பிறவியைப் பார்த்துச் சந்தேகப்படும் புத்தி அதோடு ஒழிந்ததா?

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற ஆதிதிராவிட வாலிபர், இன்ஜினீயர் படிப்புப் படித்தவர். 2015 ஜூன் 23-ந் தேதி திருச்செங்கோட்டு மலைக் கோவிலில், தம்மோடு படித்த வேறு ஜாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார், குற்றம் அவ்வளவுதான். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தானே செத்தான் என்று காட்டக் கொன்றவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த மலையில் இருக்கிற சாமி யார்? அர்த்தநாரீசுவரர், பாதி ஆண், பாதி பெண்! சாமி ஒரே உடம்பாய் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். மனிதப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூடாதாம்.

முதல் குற்றவாளியான யுவராஜ் என்ற ஜாதிச் சங்கத் தலைவர் நூறு நாட்களுக்கு மேல் தலைமறைவாய் இருந்தார். இருந்துகொண்டே தம் குரலைப் பதிவு செய்து செல்போன் வழியாய் ஊரெங்கும் பரப்பினார். விசாரணையில் இருந்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா என்ற இளம் பெண் அதிகாரி, செப்டம்பர் 18-ந் தேதி தமது ஜாகையில் தூக்கில் பிணமாகக் காணப்பட்டார். கேசு சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. 2022 மார்ச்சில் மதுரை ஸ்பெஷல் கோர்ட்டில் யுவராஜுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023-ல் ஹைக்கோர்ட்டும் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. அதற்கு முன் ஜட்ஜுகளே மலையேறிச் சென்று கோவில் காமிராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள். தோழர்களே, சாமி சாட்சி சொல்லவில்லை, காமிராதான் சொல்லிற்று!

இந்தக் கேசில் ஆள் பற்றாக்குறையா? ஜாதித் தலைவரைத் தொட்டால் என்ன வருமோ என்ற பயம் ஊரில் இருந்தால் ஆயிரம் பேரைப் போட்டும் என்ன பிரயோஜனம்? துப்பு விசாரிக்கிறவர்களையும் பந்தோபஸ்துக்கு நிற்கிறவர்களையும் தனித் தனியாய்ப் பிரிக்க வேண்டுமென்று 2006-லேயே பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கத் தனி அதிகாரசபை வேண்டுமென்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. நம் சர்க்கார் 2013-ல் செய்த சட்டமோ, அந்த சபையில் உள்துறைச் செயலாளரையும் போலீஸ் பெரிய அதிகாரிகளையுமே உட்கார வைத்தது. மருமகள் புகாரை விசாரிக்க மாமியாரையும் நாத்தியையும் பஞ்சாயத்தாராய்ப் போட்ட கதைதான்!

சாதாரணப் போலீஸ்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் குடியானவன், நெசவாளி வீட்டுப் பிள்ளை. அதிகாரி வீட்டில் எடுபிடி வேலை செய்யும் ஆர்டர்லி முறையை ஒழித்ததாய் 1979-ல் சர்க்கார் உத்தரவு போட்டது. ஒழிந்ததா? 2022-ல் ஹைக்கோர்ட் மறுபடி அதட்ட வேண்டியிருந்தது. வாரம் ஒரு நாள் லீவு என்ற உத்தரவே 2021-ல்தான் வந்தது. தூக்கமில்லாதவன் கையில் தடியைக் கொடுத்தால் யார் முதுகில் விழும்? நம் முதுகில்தான்.

ஆகவே தீர்மானத்தில் ஒரு வாசகம் சேர்க்கச் சொல்கிறேன். சென்ற வருஷத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் எத்தனை பேர், எத்தனை நாள், எந்தக் கோவில் பண்டிகைக்கும் எந்தப் பெரிய மனிதர் வருகைக்கும் அனுப்பப்பட்டார்கள், அந்நாட்களில் வந்த புகார்கள் என்னவாயின என்று சர்க்கார் கணக்குக் காட்ட வேண்டும். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி இதை எவரும் கேட்கலாம். மாதிரி மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஸ்டேஷன் பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியது. கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.