இடாப்பில் எழுதப்படாதவை



பேய்க் கதை என்றதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். அஃது அறிவை மழுக்கும், அச்சத்தை வளர்க்கும், பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் என்பது அவர்கள் துணிபு. பெரும்பாலான பேய்க் கதைகளைப் பொறுத்தவரை நானும் அக்கட்சியைச் சேர்ந்தவனே. ஆயினும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1997ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை நடைபெற்ற தொடர் நாடகம் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ‘பஃபி த வம்பயர் ஸ்லேயர்’ என்பது அதன் பெயர். காட்டேரிகளைக் கொல்லும் பஃபி என்று பொருள் கொள்ளலாம். பெயரைக் கேட்டு நகைத்துவிடாதீர்கள். பாடசாலை நடத்தும் எவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று அதிலே அடங்கியிருக்கிறது.

நாடகத்தைப் படைத்தவர் ஜோஸ் வீடன் என்பவர். இருட்டுச் சந்தில் தனியே நடந்து செல்லும் பெண் பேயின் வாய்ப்பட்டு மடிவது, பழைய திகிற் படங்களில் வழமையான காட்சி. அப்பெண்ணே திரும்பி நின்று பேயை வெல்வாளாயின் எப்படியிருக்கும் என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தைக் கொண்டு அவர் எழுதிய கதை 1992இல் திரைப்படமாக வந்தது. பின்னர் 144 அத்தியாயங்கள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக விரிந்தது. சாரா மிஷெல் கெல்லர் என்னும் நடிகை பஃபியாகத் தோன்றினார்.

கலிபோர்னியாவிலே சன்னிடேல் என்னும் கற்பனை ஊர். அவ்வூர்ப் பாடசாலை நூல்நிலையத்தின் அடியிலே நரகத்தின் வாய் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் தீமைகளை எதிர்ப்பதற்குத் தலைமுறைக்கு ஒரு பெண் தெரிந்தெடுக்கப்படுகிறாள். இத்தலைமுறையில் அப்பொறுப்பு பதினாறு வயது மாணவியாகிய பஃபியின் தலையில் விழுகிறது. அவளுக்குப் பயிற்சி அளிப்பவர், நூலகராகப் பணிபுரியும் கைல்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவரும் நெருங்கிய தோழர் சிலருமே அவளுடைய இரகசியத்தை அறிவர். பெற்ற தாய்க்கும் நெடுங்காலம் அது தெரியாது.

இனி, பாடசாலையின் கண்கொண்டு இப்பெண்ணைப் பாருங்கள். முன்னைய பாடசாலையில் உடற்பயிற்சி மண்டபத்துக்குத் தீவைத்தவள் என விலக்கப்பட்டவள். மண்டபம் நிறையக் காட்டேரிகள் இருந்தன என்பதைக் கோவையில் எழுத இடமில்லை. புதிய பாடசாலைக்கும் பிந்தி வருகிறாள், வகுப்பிலே உறங்குகிறாள், உடம்பிற் காயத்தோடு திரிகிறாள். இரவெல்லாம் சுடுகாட்டுப் பக்கம் காவல் நின்ற களைப்பு வரவு இடாப்பிலே ‘ஒழுங்கீனம்’ என்று பதிவாகிறது. ஸ்னைடர் என்னும் அதிபர், அவள் செய்யாத குற்றத்தைச் சாட்டி அவளைப் பாடசாலையிலிருந்தே நீக்கிவிடுகிறார். ஊரைக் காப்பவளே ஊருக்குப் பொல்லாதவளாகத் தோன்றுகிறாள். நாடகத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

மூன்றாம் பருவத்தில் ஓர் அத்தியாயம். ஒரு பூதத்தின் இரத்தம் பட்டதனால், பிறர் மனத்துள் நினைப்பதெல்லாம் பஃபியின் காதில் விழத் தொடங்குகிறது. சிற்றுண்டிச்சாலையில் நின்றவளுக்கு அத்தனை மாணவரின் உள்ளக் குரலும் ஒருங்கே கேட்கிறது. சிரித்துப் பேசும் அழகியும், பந்தாட்ட வீரனும், யாரும் கவனியாத பையனும் தத்தம் வேதனையைத் தனித்தனியே சுமக்கிறார்கள். அவரவர் நோவின் இரைச்சலால் அடுத்தவர் நோவு எவருக்கும் கேட்கவில்லை. அந்த வேளையில் ஜொனதன் என்னும் மாணவன் துப்பாக்கியோடு கோபுரத்தில் ஏறி நிற்கிறான். பிறரைக் கொல்ல வந்தவனோ என்று அஞ்சினால், தன்னையே மாய்த்துக்கொள்ள வந்தவன் அவன். பஃபி தன் பலத்தைப் பயன்படுத்தாமல், அவனோடு பேசியே துப்பாக்கியை வாங்கிவிடுகிறாள்.

1999ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பாடசாலையில் மாணவர் இருவர் துப்பாக்கியாற் சுட்டுப் பலரைக் கொன்றனர். அதனால் இந்த அத்தியாயம் அவ்வாண்டு செப்டெம்பர் வரை ஒளிபரப்பாகாமல் நிறுத்திவைக்கப்பட்டது. துயருற்ற குடும்பங்களின் பொருட்டு அவ்வாறு செய்தது முறையே. ஆயினும், மாணவர் உள்ளத்தைக் கேளுங்கள் என்று கூறிய கதை, அது பெரிதும் வேண்டப்பட்ட வேளையிற் பெட்டியிற் பூட்டிக் கிடந்தது.

அதே பருவத்தில் வரும் இன்னொரு காட்சி என் மனத்தை விட்டகலாதது. பாடசாலையின் பிரியாவிடை நடன விழா. வகுப்பு மாணவர் சார்பில் ஒருவன் மேடையேறிப் பஃபிக்குச் சிறு குடையொன்றைப் பரிசளிக்கிறான். அவளை வகுப்பின் காவலர் என்று குறிக்கும் வாசகம் அதிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வூர்ப் பாடசாலை வரலாற்றில் மிகக் குறைந்த மாணவர் மாண்டது தங்கள் வகுப்பிலேதான் என்றும், அதற்குக் காரணம் யாரென்று தாங்கள் அறிவர் என்றும் அவன் சொல்கிறான். சொல்பவன், கோபுரத்திலிருந்து அவள் இறக்கிக் கொண்டுவந்த அதே ஜொனதன். அதிபர் காணாததை மாணவர் கண்டிருந்தனர். வாய்திறந்து சொல்ல மூன்றாண்டு சென்றது.

பேயை வெல்பவள் எல்லாவற்றையும் வென்றுவிட முடியுமா? 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒளிபரப்பான அத்தியாயம் இதற்கு விடை தருகிறது. வீடு திரும்பும் பஃபி, தன் தாய் இறந்து கிடப்பதைக் காண்கிறாள். கொன்றது பேயன்று, மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததே காரணம். அவளுடைய வலிமையால் அங்கே ஆவது ஒன்றுமில்லை. அவ்வத்தியாயம் முழுவதிலும் பின்னணி இசை இல்லை. அதன்பின் தங்கையை வளர்க்கும் பொறுப்பும் அவளைச் சேர்கிறது. உலகைக் காத்தவள் வீட்டுச் செலவுக்குப் பணமின்றிப் பணிஸ் விற்கும் உணவுக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். இதனை விடப் பெரிய வீரம் பேய்ச் சண்டையில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்நாடகத்திற் குறையில்லை என்பதன்று. கொலையும் குருதியும் மலிந்த காட்சிகள் பல. பிற்பகுதியில் வரும் சில விஷயங்கள் சிறுவருக்கு ஏற்றவை அல்ல. அதனை எல்லாப் பிள்ளைகளும் பார்க்கவேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். பெற்றாரும் ஆசிரியரும் அதிற் சில அத்தியாயங்களையாயினும் பார்ப்பது நன்று.

ஏனெனில், சன்னிடேலின் பேய்கள் கற்பனையே ஆயினும், வகுப்பிலே உறங்கும் பிள்ளை கற்பனையன்று. நோயுற்ற தாய்க்கு மருந்து கொடுத்து விடியுமட்டும் விழித்திருந்த பிள்ளை எந்த நாட்டுப் பாடசாலையிலும் உண்டு. தம்பி தங்கையருக்குச் சமைத்து வைத்துவிட்டு ஓடிவரும் பிள்ளையும், குடிவெறியில் வரும் தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவே நின்ற பிள்ளையும் உண்டு. அவர்களுக்கு நேரும் பழி பஃபிக்கு நேர்ந்ததேதான். குடை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கடைசிப் பருவத்தில், இடிந்துபோன பாடசாலை அதே இடத்தில் மீண்டும் எழுகிறது. பஃபி அங்கே மாணவருக்கு ஆலோசனை கூறுபவளாக வருகிறாள். அவளை நியமித்த அதிபர் வூட், பஃபியைப் போலவே முன்னொரு காலத்திற் காவல் நின்ற பெண்ணின் மகன். அவருக்கு முன்னிருந்த அதிபர் இருவரும் நாடகத்திற் பேய்களுக்கும் பூதங்களுக்கும் இரையானார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அதிபர் தொழிலில் இருப்போர் கவனத்திற் கொள்வார்களாக.

வரவு இடாப்பு வேண்டியதே. அதில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் எழுதுமுன், நேற்றிரவு அப்பிள்ளை எங்கே, யாருக்காக விழித்திருந்தது என்று தனியே அழைத்து ஒருமுறை கேட்போம். கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.